கனவுக்குள் ரிவர்ஸ் எடுத்தவள்

"எத்தனை மாசம்னுதான் கேக்கறேன். வாயைத் தொறந்து சொல்லுடி."

"எந்த மாசத்தம்மா சொல்ல? ஆடியா, ஆவணியா?"

"நக்கல் வேறயா உனக்கு? வேனுக்கு நிக்கறப்ப விரலை விட்டு எண்ணுற. பேக்டரி வாசல்ல எண்ணுற. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே எண்ணுற. லயமே பாத்துட்டு நிக்குது. யாருடி அவன்?"

"அவனும் இல்ல, இவனும் இல்ல. எனக்கு எத்தன விரல் இருக்குன்னு பாத்தேன்."

"முப்பத்தொரு வயசுல உனக்கு எத்தன விரலுன்னு தெரியாதா?"

"முழிச்சிருக்கறப்ப தெரியும்."

அதற்குப் பிறகு ஒரு பாத்திரம் விழுந்த சத்தம். விழுந்ததா, போட்டதா என்று பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைதான். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நம் வீட்டில் தும்முவோம். ரஞ்சிதமும் அவள் மகள் விக்னேஸ்வரியும் சாயங்காலம் நாலு மணிக்கு இப்படிக் குரலை உயர்த்தினால், கேட்காமல் இருக்க நான் காதைக் கழற்றித்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த விரல் சமாச்சாரத்தை முதலில் பார்த்தது நான்தான். வேனுக்கு நிற்கும்போது விக்னேஸ்வரி இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். ஒரு பெண்பிள்ளை அப்படி எதை எண்ணுவாள்? பூசாரி வீட்டம்மாவிடம் மட்டும்தான் கேட்டேன். அவளும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். மூன்றாம் நாள் அது ரஞ்சிதத்தின் காதுக்கு வந்தபோது நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஆகவே ஒரு பொறுப்போடு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டில் சீனி தீர்ந்துபோவதற்கு நேரம் காலம் கிடையாது.

உள்ளே ரஞ்சிதம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, நீங்களே படிச்சுப் பாருங்க. 'லோரி. வளைவு. கீழ போனேன். முழிச்சேன்.' அடுத்த பக்கம், 'லோரி. வளைவு. கீழ போனேன். முழிச்சேன்.' தலையணைக்கு அடியில வச்சிருக்கா. மந்திரமா இது?"

விக்னேஸ்வரி தலையை முடிந்துகொண்டு நிதானமாகச் சொன்னாள். "கனவுல விரலை எண்ணுனா அஞ்சு வராதாம். ஆறு வரும், ஏழு வரும். அப்ப இது கனவுன்னு நமக்கே தெரிஞ்சிடும். பகல்ல எண்ணிப் பழகினாத்தான் தூக்கத்துலயும் எண்ணத் தோணும்."

"தெரிஞ்சு?" என்றேன் நான்.

"தெரிஞ்சா, லோரி நான் சொல்றபடி கேக்கும் அக்கா."

"நெசத்துலயே கேக்கல," என்றாள் ரஞ்சிதம்.

 பெற்ற தாய் சொல்லக்கூடாத வார்த்தை அது. ரஞ்சிதத்துக்கும் அது உடனே தெரிந்துவிட்டது. நோட்டை மேசையில் வைத்துவிட்டு எனக்குச் சீனி அள்ளப் போனாள். கேட்டதைவிட இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டாள்.

நடந்தது என்னவென்றால், விக்னேஸ்வரி எங்கள் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவள். மலையில் வெட்டின தேயிலைக் கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி பேக்டரிக்குக் கொண்டுவர வேண்டும். பொம்பளைக்கு லோரியா என்று ஆரம்பத்தில் பேசியவர்களில் நானும் உண்டு. ஐந்து வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினாள். பேச எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஆறாம் வருஷம் மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, பனிமூட்டமான ஒரு காலையில், ஒன்பதாம் நம்பர் மலை வளைவில் பின் டயர் சேற்றில் வழுக்கி லோரி பள்ளத்தில் இறங்கிவிட்டது. பத்தடிதான். தேயிலைச் செடிகள் தாங்கிக்கொண்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூட்டை ஏற்றுகிற மகேன் பின்னாலிருந்து குதித்தான். குதித்தது ஆறடி. ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது அது இருபதடி ஆகியிருந்தது.

லோரியைத் தூக்கி, கழுவி, ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கொடுத்தார்கள். விக்னேஸ்வரி ஏறி உட்கார்ந்தாள். ஒன்பதாம் மலை வளைவு வரைக்கும் போனாள். அங்கே கை இறுகிப்போய் நகரவில்லை. மகேன் ஓடிப்போய் மாற்று டிரைவர் தர்மாவைக் கூட்டிவந்துதான் லோரியைக் கீழே இறக்கினார்கள்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த வளைவு. மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். அவர் நல்ல மனுஷன். "ரெண்டு மாசம் பேக்டரியில இருங்க. அப்புறம் வந்து ஒரு நடை ஓட்டிக் காட்டுங்க. முடியலன்னா லோரி தர்மாவுக்கு," என்று சொல்லிவிட்டார். பேக்டரியில் ராத்திரி வேலை. வாட்டுகிற தொட்டிகளில் கொழுந்தைப் புரட்டிவிட்டு, காற்று ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காலையில் வந்து பகலில் தூங்குவாள். பதினோரு மணி வாக்கில் அவள் அலறுவதைக் கேட்டு, லீவில் வீட்டில் இருக்கிறவர்கள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவோம்.

ரஞ்சிதத்துக்கோ, லோரி போனால் போகட்டும் என்றிருந்தது. பேக்டரியில் மழை இல்லை, பள்ளம் இல்லை. "மேல சொல்லி பகல் வேலையா மாத்திக்கலாம், கங்காணிகிட்ட நான் பேசறேன்" என்று தினமும் ஓதிக்கொண்டிருந்தாள். விக்னேஸ்வரி காதில் வாங்கவில்லை. அவளுக்கு அந்த சீட் வேண்டும். அதில் தர்மா உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்டேரிங்கும் ஒரு கையில் போனுமாகப் போவதைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தக் கனவு வித்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள நான் தானா ராத்தா டவுன் வரைக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே அப்துல் முத்தலிப் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் காலை வேலை முடிந்து அங்கே ரொட்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்த விக்னேஸ்வரி, உட்கார்ந்தபடியே தூங்கி, அலறி, அடுத்த மேசைக்காரரின் தே தாரிக் டீயைக் கொட்டிவிட்டாள். பாயின் மகள் நாதிரா பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். துடைக்கத் துணியோடு வந்தவள் எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள்.

"கனவுக்குள்ள இருக்கறப்பவே இது கனவுன்னு தெரிஞ்சுக்கலாம். பழகணும். நான் மூணு மாசம் பழகி ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு," என்று அவளே என்னிடம் சொன்னாள்.

"வந்து என்ன பண்ணின?"

"அத்தா கடையில ரொட்டி போட்டுக்கிட்டிருந்தேன் மாமி. கனவுன்னு தெரிஞ்சது. மூணு ஆர்டர் பாக்கி இருந்துச்சு, போட்டு முடிச்சேன்."

படித்த பெண். நான் என் ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தேன்.

நாதிரா கொடுத்த பாடம் இவ்வளவுதான். எழுந்தவுடன், புரளாமல், கண்ட கனவை எழுதி வைக்க வேண்டும். பகலில் அடிக்கடி நின்று, இது கனவா நிஜமா என்று உண்மையாகவே சந்தேகப்பட்டு விரலை எண்ண வேண்டும். ஐந்து மணி நேரம் தூங்கின பிறகு அலாரம் வைத்து எழுந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, 'அடுத்த கனவில் எனக்குத் தெரியும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடியும் படுக்க வேண்டும். அதனால் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் போனில் ஒரு சேவல் கூவியது. லயத்து நிஜச் சேவல்கள் குழம்பிப்போய் பதில் கூவின.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் குளிக்கப் போனபோது நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. மூடித்தான் கிடந்தது. நான் திறந்தேன்.

ஆரம்பத்தில் பக்கத்துக்கு ஒரு வரி இருந்த நோட்டு, போகப் போகப் பெருத்திருந்தது. 'லோரிக்குள்ள சாம்பிராணி வாசனை. மகேன் பக்கத்து சீட்ல, ஆனா மூஞ்சி எங்க டீச்சர் மூஞ்சி.' இன்னொரு நாள், 'நல்லுசாமி மாமா வேட்டி கட்டிக்கிட்டு நடு ரோட்டுல ஸ்ட்ராபெரி விக்கிறாரு. ஏன் விக்கிறாருன்னு எனக்குத் தோணவே இல்ல. ஒதுங்குங்க மாமான்னு ஹாரன்தான் அடிச்சேன்.' வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்தைத் திருப்பினால் இப்படி எழுதியிருந்தாள்:

'இன்னைக்கு விரலை எண்ணணும்னு ஞாபகம் வந்திருச்சு. ஆனா ஸ்டேரிங்கை விட்டுட்டு எப்படி எண்ணுறது. வளைவு வருது.'

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. 'ஞாபகம் வந்துச்சு. கையை எடுக்க முடியல. பின்னால மகேன் இருக்கான்.'

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. கனவில்கூட வளைவில் ஸ்டேரிங்கை விடாதவள் அவள். நாதிராவின் வித்தை வேலை செய்யாததற்குக் காரணம் அவள் நல்ல டிரைவர் என்பதுதான். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் நோட்டைப் படித்தது தெரிந்துவிடும். என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை முழுசாக இரண்டு நாள் வைத்திருந்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் நல்லுசாமியிடம் சொல்லிவிட்டேன்.

நல்லுசாமி பேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். கனவு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், வந்து நிற்பார். எங்கள் ஊர்ப்பக்கம் கனவு காண்பதே நாலு நம்பர் லாட்டரி எடுப்பதற்குத்தான் என்று நினைக்கிறவர்கள் நிறைய. பாம்பு கண்டால் ஒரு நம்பர், சவப்பெட்டி கண்டால் ஒரு நம்பர் என்று படம் போட்ட புத்தகம் அவரிடம் இருக்கிறது. அட்டை போய் மூன்று முறை ஒட்டியாயிற்று. வாரத்துக்கு மூன்று குலுக்கல், மூன்றிலும் விழாத நம்பர் அவருடையது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ரஞ்சிதம் வீட்டுக்குப் போனார். நான் சீனி டம்ளரோடு பின்னால் போனேன்.

"பாப்பா, கனவுல நீ நெனச்சதச் செய்யலாமாமே."

"இன்னும் ஒண்ணும் செய்யல மாமா."

"செய்யறப்ப ஒரு நாலு நம்பர் மட்டும் பாத்துச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல."

"யாருகிட்டப் போயி கேக்கறது?"

"சாமி வந்தா சாமிகிட்ட கேளு."

"லோரியில நான் மட்டும்தான் மாமா இருக்கேன். மகேன் பின்னால. அவன்கிட்ட கேட்டா அவன் குதிச்ச அடியைச் சொல்லுவான்."

நல்லுசாமி விடுவதாக இல்லை. "லோரியில நம்பரே இல்லயா? கிலோமீட்டர் ஓடுற மீட்டர் இருக்குல்ல. கண்ணுக்கு நேரதானே இருக்கு, கையைக்கூட எடுக்க வேணாம். கடைசி நாலு நம்பரைப் பாரு."

விக்னேஸ்வரி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"ஒரு தடவ பாத்து ஏமாந்துராத. ரெண்டு தடவ பாரு. எட்டும் மூணும் ஒண்ணு போல இருக்கும். எனக்கு ஒருதரம் அதுல போச்சு."

"பாக்கறேன் மாமா," என்றாள்.

கையை எடுக்க வேண்டாம் என்று நாதிராவுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் லோரி ஓட்டினதில்லை. எனக்கும் தோன்றவில்லை. நம்பர் பைத்தியத்துக்குத் தோன்றியது. அதிலிருந்து விக்னேஸ்வரி விரலை விட்டுவிட்டாள். பகலில் கண்ட நம்பரையெல்லாம் இரண்டு தரம் பார்க்க ஆரம்பித்தாள். கடிகாரம், கதவு நம்பர், தபால் பெட்டி நம்பர், மாவுப் பாக்கெட்டில் தேதி. பார்ப்பாள், வேறு பக்கம் திரும்புவாள், மறுபடியும் பார்ப்பாள். லயத்தில் இதற்கு என்ன அர்த்தம் கற்பிப்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை பகல். சேவல் கூவி ஒரு மணி நேரம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அலறலுக்குப் பழகியிருந்த எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஓடினேன். டம்ளரைக்கூட எடுக்கவில்லை.

விக்னேஸ்வரி படுக்கையில் அசையாமல் படுத்தபடியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் மகள் நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வளைவு வந்துச்சு அக்கா. நல்லுசாமி மாமா நச்சரிச்சது ஞாபகம் வந்துச்சு. மீட்டரப் பாத்தேன், 8216. ரோட்டப் பாத்துட்டு திரும்பப் பாத்தா 3390. இன்னொரு தடவ பாத்தா நம்பரே இல்ல, எறும்பு வரிசையாப் போகுது. மீட்டர்ல எறும்பு ஓடுற லோரி நம்ம துரைகிட்ட கிடையாதே. அப்ப இது கனவுதான்னு தெரிஞ்சு போச்சு. வெளிச்சம் போட்ட மாதிரி. ஒவ்வொரு இலையும் தனித்தனியாத் தெரியுது."

"லோரி?"

"சந்தோஷத்துல முழிச்சிட்டேன்."

சந்தோஷப்பட்டால் கனவு கலைந்துவிடும், ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நாதிரா போனில் சொன்னாளாம். அடுத்த முறை ஏதாவது ஒன்றைக் கெட்டியாகப் பிடித்து, அதன் சொரசொரப்பை உணர வேண்டும், அப்போது கனவு நிற்கும் என்றாளாம். பிடிப்பதற்கு அவள் கையில் ஸ்டேரிங் ஏற்கெனவே இருந்தது.

இதற்கிடையில் நம்பர் லயத்தில் இறங்கிவிட்டது. எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள். முதலில் கண்டதுதான் சாமி கொடுத்தது என்று ஒரு கூட்டம் 8216 எடுத்தது. திருத்திக் கொடுத்ததுதான் சரி என்று இன்னொரு கூட்டம் 3390 எடுத்தது. நல்லுசாமி இரண்டையும் எடுத்தார். புத்தகத்தில் எறும்புக்கு என்ன நம்பர் என்று பார்த்து அதையும் எடுத்தார். சனிக்கிழமை ஒன்றும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் விழவில்லை. திங்கட்கிழமை பகல் பத்துப் பேர் ரஞ்சிதம் வீட்டு வாசலில் நின்றார்கள், தூங்குகிறவளை எழுப்பி நியாயம் கேட்க.

"ஒரே லோரி, ஒரே மீட்டர், அது எப்படி ரெண்டு நம்பர் காட்டும்?" என்றார் கங்காணி இராமையா. அவர் 8216.

"கனவுல நம்பர் நிக்காது மாமா. நிக்காததாலதான் அது கனவுன்னு கண்டுபிடிச்சேன்."

"நிக்காத நம்பர எதுக்கு எங்ககிட்ட சொன்ன?"

"நான் நல்லுசாமி மாமாகிட்டதான் சொன்னேன். அவரு கேட்டாரு."

எல்லாரும் நல்லுசாமியைத் தேடினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ரஞ்சிதத்தைப் பார்த்தேன், ஏனென்றால் ரஞ்சிதம் 3390 எடுத்திருந்தாள் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பிறகு எல்லாருக்கும் தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் நல்லுசாமி மட்டும் வாசலில் நின்றார். "நம்பர் கெடக்குது பாப்பா. அந்த வளைவ நீ தாண்டுனியா இல்லயா?" என்று கேட்டார். அத்தனை பேரில் அதைக் கேட்டது அவர் ஒருத்தர்தான்.

"இன்னும் இல்ல மாமா."

"எத்தன நாள் இருக்கு?"

"பத்தொன்பது."

"சரி, அப்ப தூங்கு, போ," என்று சொல்லி, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நடந்ததையெல்லாம் நான் நோட்டில் படித்தது பாதி, அவளே சொன்னது பாதி. அடுத்த நாலு நாள் வெறும் கனவுதான்; மீட்டர் ஞாபகம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. இந்த முறை சந்தோஷப்படவில்லை. ஸ்டேரிங்கில் உறை கிழிந்த இடம் ஒன்று உண்டு, அதைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கனவு நின்றது. வளைவு வந்தது, பின் டயர் வழுக்கியது, லோரி சாய்ந்தது. போகட்டும் என்று விட்டாள். ஆளைச் சாகடித்துக்கொண்டிருந்த அந்தப் பள்ளத்தில் லோரி போய் மெத்தையில் உட்காருவது போல உட்கார்ந்ததாம்.

அங்கே அவள் என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். கனவு என்று தெரிந்தாயிற்று. நினைத்ததெல்லாம் நடக்கும். நானாக இருந்தால் லோரியை அங்கேயே போட்டுவிட்டுப் பினாங்குக்குப் பறந்து போய் கடற்கரையில் உட்கார்ந்திருப்பேன். நகைக்கடைக்குள் புகுந்திருப்பேன். இவள் ரிவர்ஸ் கியர் போட்டாள். பள்ளத்திலிருந்து லோரியைப் பின்னாலேயே ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து, மேட்டுக்குப் போய், மறுபடியும் அதே வளைவுக்கு வந்தாள். இரண்டாவது தரமும் சாய்ந்தது. மூன்றாவது தரம் தாண்டிவிட்டாள். நோட்டில் 'சா, சா, தா' என்று குறித்து வைத்திருந்தாள்.

"பறக்கலாமாமே, ஒரு தடவயாவது பறந்து பாக்கறதுதானே?" என்று கேட்டேன்.

"லோரிய அங்கயே விட்டுட்டா அக்கா?" என்று கேட்டாள். உண்மையாகவே அவளுக்கு என் கேள்வி புரியவில்லை.

அந்தப் பத்தொன்பது நாளில் ஐந்து தடவைதான் அவளுக்குக் கனவுக்குள் விழிப்பு வந்தது. ஐந்திலும் சேர்த்து இருபத்திரண்டு முறை வளைவு. ஒன்பது சா, பதின்மூன்று தா. ஒருமுறை பனியில்லாமல் ஓட்டிப் பார்த்தாளாம், ஒருமுறை இறங்கி நடந்துபோய் அந்த இடத்தைக் காலால் உதைத்துப் பார்த்தாளாம். கடைசி வாரத்தில் சாதாரணக் கனவிலேயே அலறல் நின்றுவிட்டது. பகல் பதினோரு மணிக்கு லயம் அமைதியாக இருந்தது. எங்களுக்குத்தான் என்னவோ போலிருந்தது.

துரை சொன்ன நாள் வந்தது. அன்றைக்கு எனக்கு ஐந்தாம் மலையில் வேலை. கால் வலி என்று சொல்லிவிட்டு ஒன்பதாம் மலைக்கு ஏறிப் போனேன். என்னைப் போல இன்னும் பன்னிரண்டு பேருக்குக் கால் வலி. தர்மா கீழே, வளைவு முடிகிற இடத்தில், சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு நின்றான். ரஞ்சிதம் வரவில்லை.

நல்ல பனி. லோரி தெரியவில்லை, சத்தம்தான் வந்தது. முழுப் பாரம். பக்கத்து சீட்டில் துரையின் சார்பில் கங்காணி இராமையா. பின்னால் மூட்டைகளுக்கு மேல் மகேன், இந்த முறை கயிற்றைக் கட்டிப் பிடித்தபடி. வளைவுக்கு முன்னால் வந்ததும் லோரி நின்றுவிட்டது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இன்ஜின் ஓடுகிறது, லோரி நகரவில்லை. "போச்சு," என்றாள் பூசாரி வீட்டம்மா. தர்மா பையிலிருந்து கையை எடுத்து மேலே நடக்க ஆரம்பித்தான். நான் என் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அந்தப் பிள்ளையைப் பற்றி இரண்டு மாதமாக நான் பேசாத பேச்சில்லை. ஆனால் அந்த இடத்தில், இவள் மட்டும் இறங்கி வந்துவிடக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி என் சொந்தப் பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட வேண்டினதில்லை.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு இராமையா சொன்னார்.  மீட்டரைப் பார்த்தாளாம். ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப மீட்டரைப் பார்த்தாளாம். அப்படி மூன்று தரம்.

"என்னம்மா பாக்கற?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"நம்பர் மாறல. இது நெசம்தான் மாமா. கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டதோடு கண்ணையும் மூடிக்கொண்டேன் என்றார் இராமையா. ஆகவே வளைவை அவள் எப்படி எடுத்தாள் என்பதற்கு அவர் சாட்சி இல்லை, நாங்கள்தான் சாட்சி. ஹாரன் ஒன்று அடித்தாள். முதல் கியரில், மலைப் பக்கம் ஒட்டியே, அவசரமில்லாமல் வந்தாள். சேற்றில் பின் டயர் ஒரு சாண் வழுக்கியது. எல்லாரும் மூச்சை இழுத்தோம். அவள் பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டேரிங்கை ஒடிக்கவில்லை. வழுக்கினதை வழுக்கவிட்டு, டயர் பிடித்ததும் மெல்லத் திருப்பினாள். ஏற்கெனவே இருபத்திரண்டு முறை பார்த்த பொருளைப் பார்க்கிற முகம். எங்களைத் தாண்டிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகேன்தான் மேலே இருந்து கையை ஆட்டினான்.

செய்தியை முதலில் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு ஓடி வந்தேன். ரஞ்சிதம் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஹாரன் கேட்டுச்சு," என்றாள். "அடுத்த ஹாரன் பேக்டரி முக்குல கேட்டுச்சு. அவதான். தர்மா அடிச்சா விடவே மாட்டான்."

அழுதாளா என்று எட்டிப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து லோரி அவளுடையது. பேக்டரியில் ஒரு கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு, எப்படி எப்படி என்று கேட்டது. மூன்று பேர் நோட்டு வாங்கினார்கள். நானும் வாங்கினேன். நான்கு நாள் எழுதினேன். என் கனவில் வருகிறவர்களெல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள், அவர்கள் பேசுவதும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். விட்டுவிட்டேன்.

தர்மா அந்த மாதமே தோட்டத்தை விட்டுத் திரிங்காப்புக்குப் போய், ஒரு பண்ணையில் காய்கறி லோரி ஓட்டுகிறான். அங்கே நல்ல ரோடு. மகேன் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடையில் நின்ற சசிரேகாவைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தில் அவள் தங்கச்சி என்னிடம் வந்து, மாப்பிள்ளை ஐம்பதடி குதித்தது உண்மையா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், கல்யாண நாளில் வேறென்ன சொல்வது. நாதிராவுக்குக் குவாந்தானில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நல்லுசாமியை அவர் மகன் ஈப்போவுக்குக் கூட்டிப் போய்விட்டான். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

விக்னேஸ்வரிக்கு நாலு இடத்தில் வரன் வந்தது. நாலு பேரும் லோரியை விட்டுவிட வேண்டும் என்றார்கள். நாலு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். ஐந்தாவதாக வந்தவன் திரிங்காப்பில் லோரிப் பட்டறை வைத்திருக்கும் சுகுமாரன். அவன் அதைக் கேட்கவில்லை, எந்த வருஷத்து இன்ஜின் என்று கேட்டான். போன வைகாசியில் கல்யாணம். காலையில் ஆறு மணிக்குக் கொழுந்து ஏற்றப் போகிறவள் திரிங்காப்பில் குடியிருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள், அதனால் அவன்தான் சாமான்களைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்து ரஞ்சிதத்தோடு இருக்கிறான். பட்டறைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறான்.